மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்



அப்போஸ்தலருடைய நடபடிகளின் கடைசி அதிகாரத்தை வாசிக்கும்போது, பவுல் ரோமாபுரியில் தடையின்றிப் பிரசங்கித்ததைக் கண்டு நாம் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் அங்கே லூக்கா போகிறபோக்கில் குறித்துவைத்த ஒரு காரியத்தைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். அந்த இரண்டு வருஷங்களும் பவுல் குடியிருந்தது ஒரு வாடகை வீடு. மாபெரும் அப்போஸ்தலனுக்கும் அந்த மாநகரத்தில் சொந்த வீடு இல்லை. மாதந்தோறும் யாரோ ஒரு வீட்டுக்காரருக்குப் பணம் எண்ணிக்கொடுக்கவேண்டியிருந்திருக்கும்.

அக்காலத்து ரோமாபுரியின் சாதாரண ஜனங்கள் பல மாடிக் கட்டிடங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கட்டிடங்கள் இடிந்து விழுவதும் தீப்பற்றுவதும் அடிக்கடி நடந்தபடியால், அகஸ்து ராயன் அவற்றின் உயரம் எழுபது அடியைத் தாண்டலாகாது என்று கட்டளையிட்டான். கீழ்மாடிக்கு வாடகை அதிகம், மேல்மாடிக்குக் குறைவு; மேலே தண்ணீர் ஏறாது, தீப்பற்றினால் இறங்கி ஓடவும் வழியிராது. பவுல் எந்த மாடியில் இருந்தார் என்று வேதம் சொல்லவில்லை. காவல் சேவகனோடு ஒரே சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர் படியேறுவது எளிதாயிருந்திராது என்று மட்டும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த மும்பை மாநகரத்தில் ஊழியம் செய்யும் எனக்கு அந்த வாடகை வீடு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நம் பெற்றோரின் தலைமுறையினர் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ரயிலேறி வந்து தாராவியிலும் அந்தோப்ஹில்லிலும் பத்துக்குப் பத்து அறைகளில் குடும்பம் நடத்தினார்கள். இன்று வரும் நம் பிள்ளைகளுக்கோ பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் லோயர் பரேலிலும் அலுவலகம். நகரத்தின் நடுவிலே, சயானிலோ மாட்டுங்காவிலோ தாதரிலோ, ஒரு சிறிய பிளாட் தேடுகிறார்கள். வேலை கிடைத்ததற்குச் சபையில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரிக்கிறவர்கள், வீடு தேடும் நாட்களில் சோர்ந்துபோய் ஜெபவிண்ணப்பச் சீட்டு எழுதிப் போடுகிறார்கள்.

சோர்வுக்குக் காரணம் உண்டு. தரகருக்குப் பொதுவாக ஒரு மாத வாடகை கொடுக்கவேண்டும். வீட்டுக்காரருக்குச் சில மாத வாடகை டெபாசிட். பல இடங்களில் சொசைட்டியாரின் சம்மதமும் வேண்டும். மாமிசம் புசிப்பீர்களா, விருந்தினர் வருவார்களா, எந்த மதம் என்று கேள்விகள். பதினோரு மாதம் முடிந்தால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

இவற்றோடு, ஊரிலே நாம் 'ஒத்தி' என்று சொல்வோமே, ஏறக்குறைய அதைப் போன்ற ஒரு வழக்கமும் இங்கே உண்டு. 'ஹெவி டெபாசிட்' என்பார்கள். ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை பெரிதும் குறையும், அல்லது இல்லாமலே போகும். வீட்டைக் காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். பெங்களூரில் இருக்கும் நம் வாசகர்கள் இதையே 'லீஸ்' என்ற பெயரில் அறிவார்கள். மாதச் சம்பளக்காரருக்கு இது கவர்ச்சியாகத்தான் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

2013ஆம் ஆண்டில் எங்கள் சபைக்கு ஓர் இளம் தம்பதியர் வந்தார்கள். அந்தச் சகோதரனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சகோதரி அப்போது கர்ப்பவதி. எங்கள் சபையின் மூப்பர் ஒருவருக்குச் சயானில் ஒரு பிளாட் இருந்தது. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். ஆறு லட்ச ரூபாய் டெபாசிட், மாதம் பன்னிரண்டாயிரம் வாடகை என்று பேசி முடித்தோம். பேசி முடித்தவனே நான்தான். சகோதரி தன் நகைகளை விற்றாள். ஊரிலே அவளுடைய தகப்பனார் ஒரு வயலை அடகுவைத்தார்.

பணம் கொடுக்க அண்ணாச்சி வீட்டில் கூடிய மாலையில் அந்தச் சகோதரன் தயங்கித் தயங்கி, "பாஸ்டர், ஏதாவது எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். "தம்பி, விசுவாசிக்கு விசுவாசி பத்திரமா எழுதுவான்? கர்த்தர் சாட்சி" என்றேன். அண்ணாச்சியும் சிரித்தார். பணத்தின்மேல் கைவைத்து ஜெபித்தோம்.

பதினான்கு மாதம் கழித்து ஓர் அதிகாலையில் அண்ணாச்சி மாரடைப்பினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருடைய குமாரர் இருவரும் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். அடக்க ஆராதனை முடிந்து மாதமொன்று ஆனபின், பிளாட்டை விற்கப்போவதாகச் சொன்னார்கள். டெபாசிட்டைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் முகம் மாறிற்று. "அப்பா ஆறு லட்சம் வாங்கினதாக எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே பாஸ்டர்" என்றார் மூத்தவர். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்ல. தகப்பனார் சொல்லாத ஒரு கடனை, எழுத்து ஒன்றுமில்லாமல் எப்படி நம்புவது? பணம் ரொக்கமாகக் கைமாறியபடியால் வங்கிக் கணக்கிலும் அடையாளமில்லை. இருந்த சாட்சியோ நான் ஒருவன். அவனும் பணம் எண்ணப்பட்ட வேளையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன்.

அந்த நாட்களில் எரேமியாவின் முப்பத்திரண்டாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வேதாகமக் கல்லூரியில் அந்த அதிகாரத்தைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான். எருசலேம் முற்றிக்கை போடப்பட்டிருக்கிறது; தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அவருடைய தகப்பனின் சகோதரனுடைய மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். வாங்கும்படி கர்த்தரே சொல்லியிருக்கிறார். விற்கிறவன் சொந்த இரத்தம். ஆனாலும் எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்திட்டு, சாட்சிகளையும் வைக்கிறார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பத்திரங்கள். நெடுநாள் கெடாதிருக்கும்படி அவற்றை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் ஒப்புவிக்கிறார்.

அந்த மண்பாண்டத்தை இத்தனை வருஷமும் நான் மீட்பின் நம்பிக்கைக்கு அடையாளமாகவே பிரசங்கித்திருந்தேன். அது சரிதான். ஆனால் இப்போது வேறொன்றும் தெரிந்தது. அனாமெயேலை நம்பாததினால் எரேமியா பத்திரம் எழுதவில்லை. தானும் அனாமெயேலும் மரித்துப்போனபின் வரப்போகிறவர்களுக்காக எழுதினார். சகோதரர்களுக்குள் பத்திரம் எதற்கு என்று நான் சிரித்தபோது, அண்ணாச்சி நல்லவரா என்பதை மாத்திரம் யோசித்தேன். அவர் மனிதர் என்பதை யோசிக்கவில்லை.

ஆபிரகாமும் இதே வழியில்தான் நடந்தார். ஏத்தின் புத்திரருக்குள்ளே தன்னை அந்நியனும் பரதேசியுமாகச் சொல்லிக்கொண்ட அவருக்கு, எப்பெரோன் மக்பேலா நிலத்தைச் சும்மா தருவதாகச் சொன்னான். ஆபிரகாம் அதை ஏற்றுக்கொள்ளாமல், பட்டணத்து வாசலில் எல்லாரும் கேட்க நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்தார். அந்நிய ஊரில் குடியேறுகிறவனுக்குப் பேச்சும் பணமும் பகிரங்கமாயிருப்பதே பாதுகாப்பு.

ஒரு வழக்கறிஞரிடமும் போனோம். அவர் சொன்னவற்றை மகாராஷ்டிரத்தில் உள்ள ஒவ்வொரு விசுவாசியும் அறிந்திருக்கவேண்டும் என்பதினால் எழுதுகிறேன். இங்கே வீடுகள் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற ஒப்பந்தத்தின்மேல் கொடுக்கப்படுகின்றன. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தின்படி வாடகைதாரரை எழுப்புவது மிகக் கடினமாயிருந்தபடியால், குடியிருக்க அனுமதி மாத்திரம் கொடுக்கும் இந்த முறையை வீட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று தரகர்கள் சொல்வார்கள். அது பிற மாநிலங்கள் பலவற்றில் செல்லும், இங்கே செல்லாது. 2000ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, எந்தக் கால அளவுக்கானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும் என்கிறது. பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது; தவறினால் அவருக்கு மூன்று மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவில்லாத இடத்தில், நிபந்தனைகளைக் குறித்து வாடகைக்கு இருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, செல்லும்.

ஆகையால் வழக்குத் தொடுத்தால் உங்கள் பக்கம் பலமுண்டு என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டோம். அவர் புன்னகைத்தார். அந்தச் சகோதரனோ, மரித்த மூப்பரின் பிள்ளைகளை நீதிமன்றத்தில் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் தகுதியும் அன்று எனக்கு இல்லை.

ஏழு மாதம் பேசியபின் அண்ணாச்சியின் குமாரர் மூன்றரை லட்சம் கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் எங்கள் சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரம் கொடுத்தோம். முதலில் மறுத்தவன், குழந்தையின் செலவை எண்ணி வாங்கிக்கொண்டான். மீதி இரண்டு லட்சம் வரவேயில்லை. அடகுவைத்த வயல் மீட்கப்படாமல் போயிற்று. அவர்கள் டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்து, லோக்கல் ரயிலில் நெருக்குண்டு ஞாயிறுதோறும் சபைக்கு வந்தார்கள். சபையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் வெகுகாலம் அந்தச் சகோதரி ஸ்தோத்திரம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள்.

இப்போது வீடு பார்க்கிற நம் சபைப் பிள்ளைகளிடம் நான் கணக்குச் சொல்லிக் காட்டுகிறேன். ஆறு லட்சம் டெபாசிட், பன்னிரண்டாயிரம் வாடகை, பதினோரு மாதம் என்றால், மும்பையில் பத்திரத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ரூபாய்தான். எழுதித் தருகிறவருக்குக் கூலி தனி. ஆதார் எண்ணும் கைரேகையும் கொண்டு வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யும் வசதியும் வந்துவிட்டது. டெபாசிட்டை வங்கி வழியாகவே கொடுங்கள். தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேசைக்கு அடியில் ஒரு தொகை, பத்திரத்தில் ஒரு தொகை என்றால் சம்மதியாதிருங்கள். காலம் முடிந்த தேதியையும் மறவாதிருங்கள். புதுப்பிக்காமல் தங்கினால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இரட்டிப்புத் தொகை கட்டச் சொல்கிறது.

எழுத்தில் உண்மை வேண்டுமானால் வாயிலும் வேண்டும். இருவர் என்று சொல்லிவிட்டு ஆறுபேர் குடியேறுவது, கருவாடு சமைப்பதை மறைப்பது, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தைச் சொல்லாமலே நடத்துவது, இவையெல்லாம் நம்மவர் செய்கிறவைதான். நம்முடைய அல்லேலூயா இரண்டு மாடி தாண்டிக் கேட்கும். மறைத்துவைக்கக்கூடிய பக்தி அல்ல நம்முடையது. முதலிலேயே சொன்னதினால் ஒரு வீடு கிடைக்காமல் போனால் போகட்டும். பவுலின் வீட்டுக்கு வந்தவர்களைச் சங்கிலியின் மறுமுனையில் இருந்த சேவகனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

2019ஆம் ஆண்டில் ஒருநாள் அந்தச் சகோதரன் தொலைபேசியில் அழைத்தான். மாட்டுங்காவில் வீடு பார்த்திருப்பதாகவும், ஒப்பந்தத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பதாகவும் சொன்னான். "ஒரு சாட்சி நீங்கதான் பாஸ்டர்" என்றான். போனேன். முகவர் கைரேகைக் கருவியோடு வந்திருந்தார். என் பெருவிரல் தேய்ந்திருந்ததினால் மூன்றுமுறை பதியவில்லை. சகோதரி உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"துடைச்சுட்டு வைங்க பாஸ்டர். இந்தத் தடவை கண்ணையும் திறந்து வச்சுக்கோங்க" என்றாள். அவளே முதலில் சிரித்தாள்.

நான்காம் முறை பதிந்தது. ஒப்பந்தத்தைச் சகோதரன் சத்தமாக ஒருமுறை வாசித்தான். அதன்பின் ஜெபித்தோம்.