அப்பா விட்டுப்போன ரிவால்வர்... விற்றால் எவ்வளவு கிடைக்கும்? லைசன்ஸ் துப்பாக்கிக்கு விலை வைப்பது எப்படி?

பழைய பைக்கை விற்கணும்னா ஆன்லைனில் நாலு விளம்பரம் பார்த்தால் விலை பிடிபட்டுவிடும். பழைய நகைக்கு அன்றைய கிராம் ரேட் இருக்கு. ஆனா பீரோவில் பூட்டி வைத்திருக்கும் லைசன்ஸ் துப்பாக்கிக்கு என்ன விலை? பக்கத்து வீட்டில் கேட்க முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு விசாரிக்கவும் முடியாது.

இந்தக் கேள்வி சென்னையின் மேற்குப் புறநகரில் கொஞ்சம் அதிகமாகவே எழும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கு, விமானப்படை நிலையம் இருக்கு, சி.ஆர்.பி.எஃப் முகாம் இருக்கு. ஓய்வு பெற்ற பிறகு இங்கேயே வீடு கட்டிக்கொண்ட முன்னாள் படைவீரர்கள் ஏராளம். அம்பத்தூர் பக்கம் வந்தால் சொந்த லைசன்ஸில் 12 போர் துப்பாக்கி வாங்கி, அதை வைத்தே காவல் வேலைக்குப் போனவர்கள் உண்டு. பூந்தமல்லிக்கு அப்பால் தோட்டம், வயல் வைத்திருந்த பழைய குடும்பங்களிடமும் துப்பாக்கி இருந்தது. வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, அல்லது அவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு அந்தத் துப்பாக்கி வேண்டாம், அதன் பணம் வேண்டும்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு பையன் "ஃபாரின் மேக், பத்து லட்சம் போகும்" என்கிறான். கடைக்காரர் அதில் சிறு பங்கைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

சந்தையே சின்னது

உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் நிலவரத்தில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே பாதி விலை பிடிபட்டுவிடும்.

துப்பாக்கியை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாது. வாங்குபவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிமத்தில் நீங்கள் விற்கும் அதே வகை ஆயுதம் வாங்க அனுமதி இருக்க வேண்டும். அவரிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருக்கக் கூடாது. 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்றாவதை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. அந்தத் திருத்தத்தால் வாங்கக்கூடியவர்களின் வட்டம் இன்னும் சுருங்கியது.

அதனால் இணையத்தில் வட இந்தியாவில் இவ்வளவுக்குப் போனதாகப் படிக்கும் விலை ஆவடிக்குப் பொருந்தாது. வெளிமாநிலத்தில் ஆள் கிடைத்தால் விற்கலாமே என்றால், விற்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று, எடுத்துச் செல்ல அனுமதி, இரண்டு ஊர் அலுவலகங்களுக்கும் அலைச்சல் என்று போகும். அந்தச் செலவையும் கழித்துவிட்டுத்தான் "நல்ல விலை" என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஃபாரின் துப்பாக்கிக்கு ஏன் அவ்வளவு மவுசு?

தனிநபர்களுக்காக வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே அதற்கு முன் வந்த வெப்லி, வால்தர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்றவை இந்தியாவுக்குள் எண்ணிக்கையில் கூடப் போவதில்லை. அமெரிக்காவில் சாதாரண விலைக்குப் போகும் பழைய கைத்துப்பாக்கி இங்கே லட்சக்கணக்கில் பேசப்படுவதற்குக் காரணம் இந்தத் தட்டுப்பாடுதான். அதன் தரம் பெரிய காரணம் அல்ல.

ஆனால் ஃபாரின் என்று பொறித்திருப்பதாலேயே எல்லாமே தங்கம் ஆகிவிடாது. குண்டு கிடைக்க வேண்டும். .32 ரிவால்வருக்கு உள்நாட்டில் தயாராகும் தோட்டா இருக்கிறது. அதிகம் புழக்கத்தில் இல்லாத அளவு என்றால் வாங்குபவர் தோட்டாவுக்கு அலைய வேண்டும், அதை விலையில் கழித்துவிடுவார். ராணுவத்தின் 9 எம்.எம், .303, .455 தோட்டாக்களைச் சுடக்கூடியவை தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. அவற்றை வாங்கத் தகுதி உள்ளவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பேப்பரில் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் ஆள் இல்லாவிட்டால் அது விலை ஆகாது.

இரட்டைக் குழல் 12 போரில் வேறொரு விஷயம் இருக்கிறது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை இரண்டரை அங்குலம்தான். இன்று பரவலாகக் கிடைப்பது இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா. அதைப் போட்டுச் சுடுவது ஆபத்து. குழலின் மேல் அலை அலையாகக் கோலம் போட்டதுபோல் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பார்க்க அழகு, ஆனால் இன்றைய தோட்டாவுக்கு ஏற்றதல்ல. கிரீனர், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பெயர் பொறித்திருந்தால் சேகரிப்பாளர்கள் வரலாம். சுடுவதற்காக வாங்குபவர் வர மாட்டார்.

புதுசு என்ன விலையோ, அதுதான் உச்சவரம்பு

உள்நாட்டுத் தயாரிப்பாக இருந்தால் கணக்கு எளிது. அதே வகைப் புது ஆயுதம் இன்று என்ன விலை என்று பார்த்து, அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். 2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்காக என்று சொல்லி வெளியிட்ட .32 "நிர்பீக்" ரிவால்வரின் விலை சுமார் ரூ.1.22 லட்சம். இஷாப்பூரில் தயாரான .22 "நிடர்" சுமார் ரூ.35 ஆயிரம். 2023 ஆகஸ்டில் வந்த "பிரபல்" ரிவால்வர் வரி இல்லாமலேயே ரூ.1.4 லட்சம் அளவில் என்று செய்திகள் வந்தன.

வரி என்றதும் முக்கியமான ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. அடிப்படை விலை ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், முன்பு கடையில் ரூ.1.28 லட்சம் கொடுத்திருப்பார்கள், இப்போது ரூ.1.40 லட்சம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை விற்கும் தனிநபர் ஜி.எஸ்.டி போட வேண்டியதில்லை. ஆக, பழையதை விற்பவருக்கு உட்காராமலே கொஞ்சம் இடைவெளி கிடைத்திருக்கிறது. அதற்காகப் புது விலையிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட அதே பணத்துக்குப் பில்லோடு பெட்டி பிரிக்காதது கிடைக்கும்போது யாரும் பழசை வாங்க மாட்டார்கள்.

ஒற்றைக் குழல் 12 போர் வைத்திருப்பவர்கள் இந்த ரிவால்வர் விலைகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். முங்கேர், ஜம்மு போன்ற ஊர்களில் உரிமம் பெற்ற தனியார் தயாரிப்பாளர்களே இவற்றைச் செய்கிறார்கள். தட்டுப்பாடு இல்லை. ரிவால்வர் விலையில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலே நல்லது. இதை வாங்க வருபவர் பெரும்பாலும் காவலர் வேலைக்குப் போகும் ஒருவர். அவர் சம்பளத்துக்குள் அடங்கும் விலைதான் நிஜமான விலை.

விலையைக் குறைப்பது எது?

சென்னைக் காற்றின் ஈரப்பதம்தான் முதல் எதிரி. துப்பாக்கியை மரியாதையாகத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருப்பார்கள். அந்தத் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பத்து வருஷம் கழித்து உருவினால் நீலப்பூச்சு போய், உறை பட்ட இடமெல்லாம் துரு. வெளியே துரு என்றால் பேசிக் குறைத்துக்கொள்வார்கள். குழலின் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால் பேச்சே இல்லை, விலை சரியும்.

ரிவால்வரில் சிலிண்டர் ஆடுகிறதா, குதிரையை இழுத்தால் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இரட்டைக் குழலில் மடக்கும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கப் போகாமல், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் காட்டுவது நல்லது. "பளபளன்னு ஆக்கிட்டு விற்கலாம்" என்று புதுசாகப் பூச்சு போடுவது பல நேரம் காசைக் கரியாக்கும் வேலை. அரிய பழைய ஆயுதத்தில் அசல் பூச்சு மங்கலாக இருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு.

வரிசை எண் சரியாகத் தெரிய வேண்டும், உரிமத்தில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். அது அழிக்கப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ அது விலைப் பிரச்னை இல்லை, கிரிமினல் பிரச்னை.

45 நாள் கணக்கு

ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஆயுதத்தை உரிமம் உள்ள இன்னொருவருக்கு நேரடியாக விற்க அனுமதிக்கிறது. ஆனால் யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று அவர் பெயர், முகவரியோடு முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். அதற்கு முன் கைமாறினால் 6 மாதம் வரை சிறைக்கு வழி இருக்கிறது. உரிமமே இல்லாதவருக்கு விற்றால் கதை வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோத விற்பனைக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

மேற்குப் புறநகரில் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகம் செயல்படுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அப்பாவின் பழைய உரிமத்தில் சென்னை ஆணையர் அல்லது திருவள்ளூர் ஆட்சியர் முத்திரை இருக்கலாம். தேசிய தரவுத்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் வாங்கியிருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே சரிபார்ப்பது உத்தமம். பேப்பர் சுத்தமாக இல்லாத ஆயுதத்துக்கு விவரமான ஆள் விலையே சொல்ல மாட்டார்.

இந்த 45 நாள் விலையை எப்படிப் பாதிக்கும்? உதாரணமாக, உங்கள் ரிவால்வருக்குக் கடைக்காரர் 60 ஆயிரம் தருவதாகச் சொல்கிறார். அவர் அதை 90 ஆயிரத்துக்கு விற்பார் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக விற்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது முடியும். வாங்குபவருக்கும் லாபம் இருந்தால்தானே கடையை விட்டுவிட்டு உங்களிடம் வருவார்? நீங்கள் 90-லேயே நின்று, வந்தவர் 40-வது நாளில் கழன்றுகொண்டால் அடுத்த ஆளின் பெயரைக் கொடுத்து மறுபடி முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும். நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். பத்தாயிரம் குறைத்துக்கொண்டு உறுதியான ஆளிடம் முடிப்பது பல நேரம் லாபக் கணக்குதான்.

இரண்டு மூன்று கடைகளில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் இப்போதைக்கு நம்பகமான வழி. "என்ன போகும்?" என்று மொட்டையாகக் கேட்டால் வாங்கும் விலையை மட்டும்தான் சொல்வார்கள், அதுவும் குறைத்து. ஃபேஸ்புக்கில் போட்டு ஆழம் பார்க்கும் யோசனை வேண்டாம். தனிநபர் துப்பாக்கி விற்பனைக்கு அங்கே 2016-லேயே தடை. அதைவிட, வீட்டில் துப்பாக்கி இருப்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும்.

உரிமதாரர் இறந்துவிட்டால்?

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் மாட்டுகின்றன. உரிமம் அப்பாவின் பெயரில். அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. "விலை படியட்டும், அதுவரை பீரோவில் இருக்கட்டும்" என்று நினைப்பது, விற்பனையில் கிடைக்கக்கூடிய எந்தத் தொகையையும்விடப் பெரிய ரிஸ்க். சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடும் என்ற பயம் தேவையில்லை. வாரிசு அதை விற்று அந்தப் பணத்தைப் பெறலாம், அல்லது தன் பெயரில் உரிமம் கேட்கலாம். ஆனால் விதிகளில் சொன்ன காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால் அரசு பறிமுதல் செய்யலாம். கடையில் வைத்திருந்தால் பாதுகாப்புக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதனால் வாரிசு விற்கும் துப்பாக்கிக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்பார்கள். அவசரம் என்று எதிராளிக்குத் தெரியும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே முடிவெடுத்தால் இந்த நெருக்கடி இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, தான் விரும்பும் வாரிசுக்கு மாற்ற அவரே விண்ணப்பிக்கலாம். வாரிசுகளில் யாருக்கும் வேண்டாம் என்றால் அவரே நிதானமாக, தன் பெயரில் உரிமம் இருக்கும்போதே, ஆள் பார்த்து விற்கலாம்.

விலை பேசி முடிந்ததும் பணத்தை வங்கி வழியாக வாங்குவதும், விற்பனை ரசீதில் தயாரிப்பு, அளவு, வரிசை எண், இரண்டு உரிம எண்கள் எல்லாவற்றையும் எழுதுவதும் அவசியம். மிச்சம் இருக்கும் தோட்டாக்களை "சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்று சேர்த்துக் கொடுக்க முடியாது. அவையும் வாங்குபவரின் உரிமத்தில் உள்ள எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். விற்றவரின் உரிமத்திலிருந்து அந்த ஆயுதம் நீக்கப்பட்டதாகப் பதிவாகும் வரை, காவல்துறையின் பதிவேட்டில் அது இன்னும் அவருடைய துப்பாக்கிதான்.