50,000 ரூபாய் இன்க்ரிமென்ட், கையில் 2,000 குறைவு: இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் ஒரு சமன்பாடு

உங்கள் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் ரூபாய். அப்ரைசலில் 50,000 ரூபாய் ஏறுகிறது. ட்ரீட் கேட்கிற நண்பர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வருமான வரி போக, உங்கள் கைக்கு வருவது முன்பைவிட 2,000 ரூபாய் குறையும்! ஏன் என்று புரிய, பள்ளியில் படித்த அல்ஜீப்ராவே போதும்.

என்ன நடக்கிறது?

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. ஸ்லாப் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வரும். 87ஏ பிரிவின் தள்ளுபடி அதை ரத்து செய்துவிடும். 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி கிடையாது. ஆனால், தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகாது. இதுதான் மார்ஜினல் ரிலீஃப். சிக்கல் என்னன்னா, அந்த வரி மேல் 4% செஸ் தனியாக உண்டு. ஆக, 50,000 ஏறினால் 50,000 வரி, 2,000 செஸ்.

அப்போ எவ்வளவு ஏறினால் நஷ்டமில்லை?

தெரியாத அந்தத் தொகைதான் மாறி. பள்ளியில் எக்ஸ் என்றோம். இங்கே உயர்வு என்பதால் 'உ' என்று வைப்போம். ரிலீஃப் தேவைப்படாத நிலையில், சம்பள உயர்வும் மொத்த வரியும் சமமாகும் இடம் இது:

உ = 1.04 × (60,000 + 0.15உ)

60,000 என்பது மாறிலி. 0.15 என்பது 12 லட்சத்துக்கு மேல் விதிக்கப்படும் 15% வரி. 1.04 என்பது செஸ் சேர்த்த வரி. 'உ' எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது ஒரே ஒரு எண்தான். அதுதான் தீர்வு.

அடைப்பைப் பிரித்தால்: உ = 62,400 + 0.156உ
இரு பக்கமும் 0.156உ கழித்தால்: 0.844உ = 62,400
வகுத்தால்: உ = 73,934 (தோராயமாக)

சரிதானா?

விடையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வரி 60,000 + 11,090 = 71,090. செஸ் 2,844. மொத்தம் 73,934. இரண்டு பக்கமும் சமம்.

உங்களுக்கு என்ன பயன்?

உயர்வு 73,934 ரூபாய்க்குக் கீழே இருந்தால் கையில் குறையும். அதைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 84.40 ரூபாய் நிற்கும். வரிக்குரிய வருமானம் 16 லட்சத்தைத் தொடும்வரை இந்தக் கணக்கு செல்லும்.

உயர்வு சின்னதாக இருந்தால், அதை நிறுவனத்தின் என்.பி.எஸ். பங்களிப்பாகத் தர முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை அதற்குப் புதிய முறையிலும் விலக்கு உண்டு. ஆனால் அது ஓய்வுக்கால சேமிப்பு. நினைத்தபோது எடுக்க முடியாது.

அடுத்த பட்ஜெட்டில் ஸ்லாபோ தள்ளுபடியோ மாறினால் 73,934 மாறிவிடும். புது எண்களைப் போட்டு, இதே சமன்பாட்டை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.