ஆவுளியாவும் அதன் கன்றும்

திருப்பாலைக்குடிக் கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குப் பாக்கு விரிகுடா ஒரு பேரேரியென்றே தோன்றும். அலையுங் குறைவு, ஆழமுங் குறைவு. வெயில் அடிநிலம்வரை எட்டுதலால் அங்கே கடற்புல் தழைக்கின்றது. அப்புல்லை மேய்ந்து வாழும் பிராணியை நூலோர் கடற்பசு என்பர். கரையோர மீனவர் ஆவுளியா என்பர். மீனவர் இட்ட பெயரையே நாமும் ஈண்டுக் கையாளுவோம்.

ஆவுளியா மீனன்று; நுரையீரலால் மூச்சு விட்டுக் கன்றுக்குப் பாலூட்டும் பாலுண்ணியாகும். 2022ஆம் ஆண்டில் இந்தியக் கடல்களில் ஏறக்குறைய 240 ஆவுளியாக்களே எஞ்சியுள்ளன எனக் கூறப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேட்டை விலக்கப்பட்டு ஐம்பதாண்டு கடந்தும் தொகை பெருகாமை ஏன்? வலையிற் சிக்கி மூச்சடைத்து மாய்தல் ஒரு காரணம். அதனை யாவரும் அறிவர். நாம் பேசக் கருதியது பிறவாத கன்றுகளைப் பற்றியே.

பசியோ அச்சமோ நேருங்கால், பாலுண்ணிகளின் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பி கார்ட்டிசால் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றது. சேமித்த சக்தியை எடுத்துதவி உயிரைக் காப்பது அதன் தொழில். சிறுபொழுதிற்கு அது நன்மையே. நாட்கணக்காய் நீடிப்பின், மூளையினின்று சூற்பைக்குச் செல்லும் ஏவல் தளர்ந்து கருவுறுதல் தடைப்படும். அரிசிப்பானை வெறிதாயிருக்கையில் விருந்தழையாத இல்லாளைப் போல, உடலும் காலம் பார்த்திருக்கின்றது.

கூட்டமாய் வாழ்வதே சில பிராணிகளுக்கு இக்கிலேசத்தைத் தருவதுண்டு. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலையில் வாழும் மீர்க்கட் என்னும் கீரியினத்தில், தலைவி தான் ஈனுங்காலத்தில் இளைய பெண்களைத் துரத்தி விடுகின்றாள். துரத்தப்பட்டவற்றிற்குக் கார்ட்டிசால் மிகுந்து, கருவுறுதல் குறைகின்றது. உற்ற கருவும் சிதைதலுண்டு. நம் கூட்டுக்குடும்பங்களை நினைப்போர் நினைத்துக்கொள்க!

ஆவுளியாக் கூட்டத்தில் இத்தகைய கொடுங்கோல் தலைவி இல்லை. அதற்கு நேரும் துன்பம் புற்பஞ்சமே. பெண் ஆவுளியா முதற்கன்று ஈன ஆறாண்டும் ஆகலாம்; பதினேழாண்டும் ஆகலாம். பதின்மூன்று திங்களுக்குக் குறையாது சுமந்து ஒரே கன்றை ஈன்று, ஒன்றரை ஆண்டளவு பாலூட்டும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டு செல்லும். புல் குறையின் இவ்விடைவெளி இன்னும் நீளும்.

ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் இதனைக் கண்கூடாகக் கண்டனர். 1992இல் வெள்ளமும் புயலும் அடுத்தடுத்து வந்து கடலைக் கலக்க, ஆயிரம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பளவு கடற்புல் அழிந்தது. பல ஆவுளியாக்கள் பட்டினியால் மாண்டன. உயிர் தப்பியவையும் ஈன்றில. 1988இல் கூட்டத்தில் நூற்றுக்கு 22 கன்றாயிருந்தது, 1993இல் இரண்டளவே ஆயிற்று.

நம் கடலில் புயல் வேண்டுவதில்லை. இழுவைமடி அடிநிலத்தை வாரிச் செல்லுந்தோறும் புல்லும் வேரோடு போகின்றது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக்கியது மகிழ்தற்குரியதே. ஆயின் திருப்பாலைக்குடிக் கடல் அவ்வெல்லைக்குத் தெற்கே நிற்கின்றது. மேயும் பிராணிக்கு எல்லை தெரியுமா?

நாம் அக்கரை சென்றிருந்தபோது, கன்றோடு ஆவுளியாவைக் கண்டதுண்டோ என ஒரு முதிய மீனவரை வினவினோம். "தாயோடு ஒட்டிக்கிட்டே வரும், ஐயா, நான் சின்னப்பிள்ளையிலே பார்த்தது. என் மகன் பார்த்ததில்லை" என்று கூறி, வலையைப் பிரிக்கத் தொடங்கினார்.