விசாரணைக்கு முன் வீழும் வழக்கு

வழக்கொன்று தோற்றதெனக் கேட்டவுடன், சாட்சிகள் பொய்த்தனர் என்றோ, பத்திரங்கள் போதவில்லை என்றோ நாம் எண்ணுவது இயல்பு. ஆயின், ஒரு சாட்சியேனும் கூண்டேறுமுன், பிராதை வாசித்த அளவிலேயே நீதிபதி வழக்கைத் தள்ளிவிடுதலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய நியாயஸ்தலங்களில் இம்முறை மாறிவந்த வரலாறு அறியத்தக்கது.

அங்கு 1938-இல் அமலுக்கு வந்த சிவில் நடைமுறை விதிகள், தான் பரிகாரத்திற்கு உரியவன் என்பதைக் காட்டும் சுருக்கமும் தெளிவுமான கூற்றொன்றையே வாதியிடம் கேட்கின்றன. பிராதிற் கண்டவை யாவும் மெய்யெனக் கொண்டாலும் பரிகாரத்திற்கு இடமில்லை என்று பிரதிவாதி தொடக்கத்திலேயே ஆட்சேபிக்கவும் அவ்விதிகள் வழி தருகின்றன. 1957-இல், டெக்ஸாஸ் ரயில்வேயில் வேலையிழந்த கறுப்பினத் தொழிலாளர் தம் சங்கம் தம்மைக் காக்கவில்லையென்று தொடுத்த கான்லி வழக்கில், எவ்வகைச் சங்கதியைக் காட்டினும் வாதி வெல்ல இயலாதென்பது ஐயமற விளங்கினாலன்றிப் பிராதைத் தள்ளலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புரைத்தது. ஐம்பதாண்டு அதுவே அளவுகோலாயிற்று.

2007-இல் டுவாம்பிளி வழக்கு அதனை மாற்றிற்று. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் போட்டிக்கு வழி திறந்தும், பிராந்தியத் தொலைபேசிக் கம்பெனிகள் ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகவில்லை. ஆகவே அவை உடன்படிக்கை செய்துகொண்டன எனச் சந்தாதாரர் வழக்கிட்டனர். 'கூடிச் சதி செய்தனர்' என்பது முடிவுரை. இன்ன நாளில், இன்னார், இன்ன இடத்திற் கூடினர் என்பதே சங்கதி. பிராதில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. கம்பெனிகள் தத்தம் லாபங் கருதியும் ஒதுங்கியிருக்கலாமன்றோ? நினைக்கக்கூடியது என்னும் நிலையைக் கடந்து, நம்பத்தக்கது என்னும் நிலைக்குச் சங்கதிகள் வழக்கை உயர்த்தவேண்டும் என்றார் நீதிபதி சூட்டர். பிராது நிலைத்துவிட்டால், எதிரியின் தஸ்தாவேஜுகளை வெளிப்படுத்தும் கட்டம் தொடங்கும்; அதன் செலவுக்கு அஞ்சியே குற்றமற்றவரும் பணந் தந்து ராஜியாகக்கூடும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அது பொய்யன்று. எனினும், உடன்படிக்கை செய்தீர்களா இல்லையா என்பதற்குக் கம்பெனிகள் விடையேனும் தரவேண்டாமா என்ற நீதிபதி ஸ்டீவன்ஸின் மாறுபட்ட கருத்தே எமக்கு வலிமையுடையதாகத் தோன்றுகிறது. ரகசியமாகச் செய்த உடன்படிக்கையின் நாளையும் இடத்தையும் வெளியிலுள்ளவன் எங்ஙனம் அறிவான்?

இவ்விடர் 2009-இல் இக்பால் வழக்கில் இன்னும் கூர்மையாயிற்று. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப்பின் நியூயார்க்கிற் சிறைப்பட்ட அந்தப் பாகிஸ்தானிய முஸ்லிம், தம் இனமும் மதமும் காரணமாகவே கொடிய காவலில் வைக்கப்பட்டதாகவும், அக்கொள்கைக்கு அட்டார்னி ஜெனரல் ஆஷ்கிராப்டும் எப்.பி.ஐ. தலைவர் மியூலரும் பொறுப்பென்றும் முறையிட்டார். வெறும் முடிவுரைகளை நீக்கிப் பார்க்கையில், அவ்விருவர்மீதும் நம்பத்தக்க கூற்று எஞ்சவில்லையென ஐவர் தீர்மானித்தனர், நால்வர் மறுத்தனர். மறுப்புரை எழுதியவர் சூட்டரே! தாம் வகுத்த அளவுகோலைப் பெரும்பான்மையோர் பிழைபடப் பிரயோகித்தனர் என்பது அவர் கருத்து.

இவ்வாறு தள்ளப்பட்ட பிராதைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்யவும் நியாயஸ்தலங்கள் பலமுறை அனுமதிப்பதுண்டு. இக்பாலுக்கு அவ்வனுமதி கோரும் வாய்ப்பை அளிப்பதா என்பதை முதலில் தீர்மானிக்கும் பொறுப்பைச் சுப்ரீம் கோர்ட்டு அப்பீல் கோர்ட்டுக்கே விட்டுவிட்டது.