தலைகீழ் மலையும் நகரும் டபராவும்

‘பிரான்ஸில் ஒரு மலை தலைகீழாக நிற்கிறதாமே, உண்மையா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வாட்ஸ்அப் காணொளி. அதன்படி, மலை வெடித்து, உச்சி வானில் பறந்து, குட்டிக்கரணம் போட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டதாம். பின்னணி இசை மட்டும் நன்றாக இருக்கிறது.

மலை இருப்பது உண்மைதான். பெயர் புகராஷ். தெற்கு பிரான்ஸின் ஓத் மாவட்டத்தில், பிரனீஸ் மலைத்தொடருக்கு வடக்கே உள்ள கோர்பியேர் குன்றுகளிலேயே உயரமானது; சுமார் 1,230 மீட்டர். அடிவாரத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர், ஏறத்தாழ இருநூறு பேர். 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும்போது இந்த மலை மட்டும் தப்பும், உள்ளே ஒளிந்திருக்கும் பறக்கும் தட்டு வெளியே வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும் என்று புரளி கிளம்பியது. அரசு மலையேறத் தடை போட்டது. செய்தியாளர்கள் குவிந்தார்கள், தட்டில் ஏற வந்தவர்களைவிட அவர்களே அதிகம். 22-ஆம் தேதி வழக்கம்போல விடிந்தது.

    

‘தலைகீழ்’ என்பதில் பாதி உண்மை. மலையின் மேற்பகுதி ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல், 14.5 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதன் கீழே கிடப்பது அதைவிடப் பல கோடி ஆண்டுகள் இளைய, கிரெட்டேசியஸ் காலச் சுண்ணக் களிமண். பாட்டி மாடியில், பேத்தி கீழ்வீட்டில். ஆனால் இங்கே எதுவும் கவிழவில்லை. ஸ்பெயினைச் சுமந்த நிலத்தட்டு வடக்கே நெருக்க, பிரனீஸ் மலைத்தொடர் எழுந்தது. அந்த நெருக்கலில் பழைய பாறைப் பாளம் ஒன்று உடைந்து, இளைய பாறையின் முதுகில் ஏறிச் சறுக்கியது. பிறகு மழையும் காற்றும் அரித்ததில் மென்மையான களிமண் பள்ளமாகிவிட்டது. கடினமான சுண்ணாம்புக்கல் தனித்து நிற்கிறது. அவ்வளவுதான் ‘குட்டிக்கரணம்’.

எனக்குச் சுவையான கேள்வி இதற்கு அடுத்தது. பாறைப் பாளம் எப்படிச் சறுக்கும்? உலகின் பல மலைத்தொடர்களில், சில கிலோமீட்டர் தடிமனுள்ள பாளங்கள் பல கிலோமீட்டர் தூரம் இப்படிப் போயிருக்கின்றன. கணக்குப் போட்டால் இது நடக்கவே கூடாது. அடியில் உள்ள உராய்வு அவ்வளவு பெரியது. பின்னாலிருந்து தள்ளினால், முன்பகுதி அசையும் முன்பே பின்பகுதி நொறுங்கிவிடும். மலைகளோ நகர்ந்திருக்கின்றன. நிலவியலாளர்களை இது நெடுங்காலம் படுத்தியது.

1959-இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு விடை சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள நம் ஊர் காபி கிளப் போதும். சுடச்சுடக் காபி நிரம்பிய டபராவை, இப்போதுதான் ஈரத்துணியால் துடைத்த மேசைமேல் சர்வர் வைக்கிறார். டபரா தானாகவே சர்ரென்று நகர்கிறதல்லவா? டபராவின் அடி சற்றே உட்குழிந்தது. அங்கே சிக்கிய காற்றை மேசையின் ஈரம் வெளியே விடாமல் அடைக்கிறது. சூட்டில் காற்று விரிந்து, டபராவின் எடையில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. எடை குறையவில்லை, மேசைமீது அழுந்தும் பங்கு குறைந்துவிட்டது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். ஹப்பர்ட்டும் ரூபியும் இதையே ஒரு காலி பீர் கேனைக் கண்ணாடிமேல் வைத்துச் செய்து காட்டினார்கள். டபரா கிடைக்காத ஊர், பாவம்.

பூமிக்குள் காற்றின் இடத்தில் இருப்பது, பாறைத் துளைகளில் சிக்கிய நீர். நீர்புகாத களிமண் படலம்தான் மேசை ஈரம். மேலே மேலே சுமை ஏற ஏற, தப்பிக்க வழியில்லாத நீர் பாறையின் எடையையே சுமக்கத் தொடங்குகிறது. காபி ஜுராசிக் சுண்ணாம்புக்கல், மேசை கிரெட்டேசியஸ், நுரை உச்சியில் வளரும் புதர், சர்வர் ஸ்பெயின். இன்னும் கேட்டால் சர்க்கரைக்கும் இடம் கண்டுபிடிப்பேன். டபரா எப்போது நிற்கும்? அடிவிளிம்பு மேசை ஓரத்தைத் தாண்டியதும் காற்று புஸ்ஸென்று வெளியேறும், அங்கேயே நின்றுவிடும். பாறைப் பாளத்துக்கும் அதே கதி: நீர் கசிய வழி கிடைத்தால் உராய்வு திரும்பிவிடும்.

ஒப்புமை உடையும் இடமும் உண்டு. டபரா ஒரே வீச்சில் போகிறது. மலையோ ஒருநாளும் முழுதாக நகர்ந்ததில்லை. இன்று இங்கே ஒரு துண்டு, நாளை அங்கே ஒரு துண்டு என்று, நிலநடுக்கங்களும் மெல்லிய ஊர்தலுமாக, லட்சக்கணக்கான ஆண்டுகள். மேலும், நீர் அவ்வளவு காலம் அழுத்தம் குறையாமல் சிக்கியிருக்குமா என்ற சந்தேகத்தை எழுப்பியவர்கள் சளைத்தவர்கள் அல்லர்.

பிரனீஸில் பல இடங்களில் அந்தச் சந்தேகத்துக்கே வேலையில்லை. அங்கே வழுக்கியது உப்பு. ஜுராசிக்குக்கும் முந்தைய டிரையாசிக் காலத்தில் கடல்நீர் வற்றிப் படிந்த கல்லுப்பும் ஜிப்சமும் பாளங்களின் அடியில் கிடந்தன. கல்லுப்பைக் கையில் எடுத்தால் கடினம். மேலே மலையை வைத்து மெதுவாக அழுத்தினால் பிசைந்த மாவாக வழியும். நீரைப்போல அதை அடைத்துவைக்கவும் தேவையில்லை.

அந்த உப்பைப் பார்க்க ஆழ்துளை போட வேண்டாம். புகராஷுக்குப் பக்கத்து ஊரான சுக்ரேனில், நிலத்தடி நீர் டிரையாசிக் உப்பைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வருகிறது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, சால்ஸ் என்ற ஆறு கரித்துக்கொண்டே பிறக்கிறது. பிரெஞ்சு மன்னர்கள் உப்புக்குக் கடும் வரி போட்டிருந்த காலத்தில், யாரும் இங்கே வந்து இலவசமாகக் காய்ச்சி எடுத்துவிடாதபடி ஊற்றுக்குக் காவல் போட்டிருந்தார்கள்.