ஜனக்புரி நிலப்படமும் புதிய பதிப்பும்

மாணவர்களே, ஓர் ஊரின் நிலப்படத்தைக் கணினியில் வரைவதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் என்பவர் 2002ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினார். இதற்கு விலை இல்லை. எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம்.

ஒருவர் 2017ஆம் ஆண்டு இம்மென்பொருளின் 2.18 என்னும் பதிப்பில் ஜனக்புரியை வரைந்தார் எனக் கொள்வோம். அப்பொழுது ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெட்ரோவின் நீல வழித்தடம் மட்டுமே இருந்தது. 2018 மே மாதம் மெஜந்தா வழித்தடமும் அங்கு வந்து சேர்ந்தது. 2025 ஜனவரியில் அத்தடம் கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரை நீண்டது. ஆகவே அவருடைய படம் பழையதாயிற்று. படம் வரைந்த மென்பொருளும் பழையதாயிற்று. 2018 பிப்ரவரியிலேயே 3.0 பதிப்பு வெளிவந்துவிட்டது. பழைய படத்தைப் புதிய பதிப்பில் திறந்து திருத்த இயலுமா? இயலும். ஆனால் சிலவற்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, திட்டக் கோப்பு வேறு, தரவுக் கோப்பு வேறு. சமையலறையில் எந்த டப்பாவில் அரிசி, எந்த டப்பாவில் பருப்பு என்று எழுதி ஒட்டிய சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் அரிசி இல்லை. அரிசி இருக்கும் இடமே உள்ளது. திட்டக் கோப்பும் அத்தகையதே. சாலைகள் எந்தக் கோப்பில் உள்ளன, அவற்றை எந்த நிறத்தில் காட்ட வேண்டும் என்பனவற்றை மட்டுமே அது குறித்து வைத்திருக்கும். ஆதலால் திட்டக் கோப்பை மட்டும் நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டு சென்றால் படம் தோன்றாது. கோப்புறை முழுவதையும் நகலெடுக்க வேண்டும்.

இரண்டாவது, புதியது பழையதைப் படிக்கும்; பழையது புதியதைப் படிக்கும் என்று நம்ப இயலாது. 3.2 பதிப்பு முதல், திட்டக் கோப்பு கியூஜிஇசட் என்னும் சுருக்கிக் கட்டிய பொதியாகச் சேமிக்கப்படுகிறது. 2.18 பதிப்பால் அதனைத் திறக்க இயலாது. வீட்டில் புதிய பதிப்பும் பள்ளியில் பழைய பதிப்பும் இருந்தால், இரவெல்லாம் வரைந்த படம் காலையில் வகுப்பில் திறவாது! எனவே புதிய பதிப்பில் திறந்தவுடன் வேறு பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும். ஒரே கணினியில் இரு பதிப்புகளையும் அருகருகே நிறுவிக்கொள்ளவும் வழியுண்டு.

செருகுநிரல்கள் எனப்படும் துணைக் கருவிகளுக்கும் இம்மாற்றத்தால் இடர் நேர்ந்தது. அவை பைத்தான் 2 மொழியில் எழுதப்பட்டிருந்தன, 3.0 பதிப்போ பைத்தான் 3 மொழியை ஏற்றது. எழுதியோர் திருத்தித் தந்த கருவிகளே புதிய பதிப்பில் இயங்கின. இதனை எண்ணியே 2.18 பதிப்பை உடனே கைவிடாமல் 2019ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பேணினர். அவ்விடைவெளி மிகவும் தேவையான ஒன்று என்பது என் கருத்து.

இனி, தமிழ் படிக்கும் நமக்கே உரிய செய்தி ஒன்று. பழைய படங்களின் தரவு பெரும்பாலும் ஷேப் கோப்பு என்னும் வடிவில் இருக்கும். அதன் அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்பு பத்துப் பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘பெயர்’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என ஐந்து குறியீடு, அதாவது பதினைந்து பைட்டு. ஆகவே தலைப்பு நடுவில் வெட்டுப்படும்!

மூன்றாம் பதிப்பு முதன்மையாகக் கொண்ட ஜியோபேக்கேஜ் என்னும் வடிவில் இந்தத் தடை இல்லை. எனினும் மென்பொருளை மாற்றியதும் தரவு தானாக மாறிவிடாது. ஒவ்வோர் அடுக்கையும் நாமே புதிய வடிவில் ஏற்றுமதி செய்தல் வேண்டும். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்களையும் எந்தப் பதிப்பும் சீராக்காது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிலையத்தின் பெயர்ப்பலகையில் இந்தியும் ஆங்கிலமும் உள்ளன. நாம் வரையும் படத்தில் ‘ஜனக்புரி மேற்கு’ என்று தமிழிலும் எழுதலாம். எழுதிய பெயர் அடுத்த பதிப்பிலும் சிதையாமல் தோன்ற மேற்கூறியவை உதவும்.

செயல்பாடு: ‘ஊர்’, ‘தெரு’ என்னும் சொற்களின் குறியீடுகளை எண்ணி எழுதுக. இவற்றுள் பழைய ஷேப் கோப்பின் பத்தித் தலைப்பில் வெட்டுப்படாமல் அடங்குவது எது?