ஒட்டிக்கொண்ட மாப்பிள்ளை!

போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என் அண்ணன் மட்டும் பந்திப் பக்கமே வரவில்லை. முகத்தில் மாஸ்க். மண்டப வாசலிலேயே நின்று, மொய்க் கவரை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் வயிற்றில் இருப்பது அண்ணி கொடுத்த கிட்னி. ஆறு வருஷமாகிறது. 'யாருடா இது வெளியாள்?' என்று உடம்பு அதை விரட்டிவிடக் கூடாதே... அதற்காக எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. காலை எட்டு, ராத்திரி எட்டு. ஆயுசுக்கும்! அடக்கி வைத்தால் பக்கத்து இலைக்காரர் தும்மினாலும் ஆபத்துதான்.

இந்தக் கவலையே இல்லாத மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கிறார், சார்! விலாசம்: வெயில் எட்டாத ஆழ்கடல். பெயர்: தூண்டில் மீன்.

பெண் மீனுக்கு நெற்றியில் தூண்டில், அதன் நுனியில் பல்பு. கரன்ட் சப்ளை, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா! வெளிச்சத்தைப் பார்த்து வரும் இரை நேராக வாய்க்குள். ஆண் மீனுக்கோ பல்பும் கிடையாது, பர்சனாலிட்டியும் கிடையாது. பிலிப்பைன்ஸ் கடலில் கிடைத்த ஃபோட்டோகோரினஸ் என்கிற வகையில் பெண் 46 மில்லிமீட்டர். ஆண் வெறும் 6.2. ஓர் அரிசி நீளம்!

ஐயாவுக்கு ஒரே வேலை, பெண் தேடுவது. கும்மிருட்டில் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்ததும் லபக்கென்று கடித்துப் பிடித்துக்கொள்வார். சில வகைகளில் அந்தப் பிடி விடவே விடாது. தோலோடு தோல், ரத்தக்குழாயோடு ரத்தக்குழாய் ஒட்டிப்போகும். அப்புறம் சாப்பாடு எல்லாம் அம்மணியின் ரத்தத்தில். பதிலுக்கு முட்டையிடும்போது விந்தணு கொடுத்தால் போதும்.

1922-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானி சேமுண்ட்சன், பெண் மீனில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் குட்டி என்றே நினைத்தார். 1925-ல் லண்டனில் டேட் ரீகன் அறுத்துப் பார்த்து, 'குட்டியில்லை, புருஷன்' என்று கண்டுபிடித்தார்!

சரி, அம்மணியின் உடம்பு அவரை ஏன் விரட்டவில்லை? 2020-ல்தான் விடை வந்தது. ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் நிலையத்தின் தாமஸ் போம் குழு இந்த மீன்களின் மரபணுக்களை ஆராய்ந்தது. நிரந்தரமாக ஒட்டும் வகைகளில், வெளியாளை அடையாளம் கண்டு தாக்கும் படைக்குத் தேவையான முக்கிய மரபணுக்களே காணாமல் போயிருந்தன. வாட்ச்மேனையே வேலையை விட்டுத் தூக்கிவிட்டது மீன்! நமக்கு அந்தப் படை போனால் சாதாரணக் கிருமியே எமன். மீனோ கோடிக்கணக்கான வருஷமாக ஜோராக வாழ்கிறது. பிறவியிலேயே வரும் வேறு பாதுகாப்பு அதற்குக் கைகொடுக்கிறது என்பது விஞ்ஞானிகளின் யூகம். அந்த சூட்சுமம் பிடிபட்டால், அண்ணன் மாதிரி எத்தனையோ பேர் பந்தியில் உட்காரலாம்.

ஞாயிற்றுக்கிழமை இதை அவர் வீட்டில் சொன்னேன். அண்ணன் கண் விரியக் கேட்டார். அண்ணி அசரவில்லை.

"புருஷன் ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுறது பெரிய அதிசயமா தம்பி? அந்தம்மாவுக்கு மணி பார்த்து மாத்திரை குடுக்கிற வேலை இல்ல. அதைச் சொல்லுங்க!"

கடிகாரம் எட்டு அடித்தது. மாத்திரையும் தண்ணீரும் அண்ணி கையில் தயாராக இருந்தன.